பால்வாடிக்கு ஒரு பூச்சாண்டி

பனையக்குடி தெற்குத் தெருவில் இராஜாங்கத்தைப் பார்த்து எந்தக் குழந்தையும் சிரித்தது கிடையாது. சிரிப்பதை விடுங்கள், அவர் தலை தெரிந்தாலே போதும், விளையாடிக்கொண்டிருக்கிறதெல்லாம் போட்டது போட்டபடி ஓடும். ஓட முடியாதது இருந்த இடத்திலேயே வாயைத் திறக்கும். அழுவதற்கு இல்லை, சோறு வாங்குவதற்கு.

இதுதான் இராஜாங்கத்தின் மனக்குறை. இருபது வருஷத்துக்கு மேலாக இதைச் சுமந்துகொண்டு திரிகிறார். நெல்மூட்டை என்றால் கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிடலாம். இதை எங்கே இறக்குவது? இத்தனைக்கும் காரணம் ஒரே ஆள். பால்வாடி டீச்சர் பூவம்மாள்.

இராஜாங்கம் கெட்டவர் இல்லை. குட்டியானை வண்டி ஒன்று வைத்து ஓட்டுகிறார். அறுவடைக் காலத்தில் நெல், மற்ற நாளில் வைக்கோல், செங்கல், கல்யாண வீட்டுக்கு நாற்காலி, சாவு வீட்டுக்கும் அதே நாற்காலி. ஆள் கொஞ்சம் உயரம், நிறம் அடுப்புக்கரி, குரல் சல்லி கொட்டுகிற மாதிரி. மீசை அப்பா வழியில் வந்தது. இரண்டு பக்கமும் ஏறிப் போய், காதை விசாரித்துவிட்டுத் திரும்பும். இதெல்லாம் சேர்ந்து ஒரு ஆளிடம் இருந்தால் அது அவன் குற்றமா?

விஷயம் ஆரம்பித்தது அவர் சுமை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில். ஒரு நாள் பால்வாடிக்கு அரிசி மூட்டை கொண்டுபோனார். சுமைக்காரர்கள் வழக்கப்படி ஒரு கோணிச்சாக்கை மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை தொங்கக் கொங்காணி போட்டுக்கொண்டு, மேலெல்லாம் தவிட்டுத் தூசியோடு வாசலில் போய் நின்று, "மூட்டைய எங்க போடறது?" என்று கேட்டார். உள்ளே சூர்யபிரகாஷ் என்கிற மூன்று வயசுப் பயல் வாய்க்குப் பூட்டுப் போட்டு வைத்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தான். வாசலைப் பார்த்தான். பூட்டு தானாகத் திறந்தது. பூவம்மாள் சும்மா இருப்பாரா? திறந்த வாயில் ஒரு கவளத்தை வைத்தார். பயல் கண்ணை எடுக்காமல் விழுங்கினான். இன்னொரு கவளம். அதுவும் போச்சு. தட்டு காலியாகிற வரைக்கும், "தம்பி, கொஞ்சம் அப்படியே நில்லுங்க, தம்பி, அசையாதீங்க" என்று இராஜாங்கத்தை மூட்டையோடு நிற்க வைத்துவிட்டார்.

அன்றோடு போயிருந்தால் சரி. மறுநாளிலிருந்து பால்வாடியில் அது சட்டமாகிவிட்டது. "சாப்பிடலன்னா இராஜாங்கம் மாமாகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்." "வாய்க்கால் பக்கம் போனா இராஜாங்கம் மாமா சாக்குல போட்டுக்குவாரு." "மிட்டாய் காட்டிக் கூப்பிடுவாரு, போயிராதீங்க. அவரப் பாத்தா நேரா டீச்சர்கிட்ட ஓடி வந்துரணும்." கொங்காணிச் சாக்கு பிள்ளை பிடிக்கிற சாக்காகிவிட்டது.

இதில் அவருடைய சொந்த மகள் அறிவுமதியும் அதே பால்வாடியில்தான் இருந்தாள். பாவம், அவமானப்பட்டிருப்பாளே என்றுதானே நினைப்பீர்கள்? அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பூச்சாண்டி எங்கப்பாதான். எங்க வீட்லதான் தூங்குவாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். முட்டை போடுகிற நாளில் ஆளுக்குப் பாதி முட்டை அவளுக்குக் காணிக்கை. அந்த வருஷம் எடை பார்த்தபோது பால்வாடியிலேயே அவள்தான் முதல். இப்போது திருச்சியில் நர்ஸ். "உடம்பு இவ்வளவு உறுதியா இருக்கேம்மா" என்று யாராவது கேட்டால், "எல்லாம் எங்கப்பா மீசை போட்ட சாப்பாடு" என்கிறாள்.

பிள்ளைகள் வளர்ந்தால் தெளிந்துவிடும் என்று இராஜாங்கம் காத்திருந்தார். வளர்ந்தார்கள். தெளியவில்லை. சூர்யபிரகாஷ் பாபநாசத்தில் ஒரு பேங்கில் கிளார்க்காகிவிட்டான். நகைக்கடன் விஷயமாக இராஜாங்கம் கவுண்டருக்கு எதிரே போய் நின்றார். கம்ப்யூட்டரில் கண்ணாக இருந்த பையன் நிமிர்ந்தான். வாய் திறந்துகொண்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். "தம்பி, வாய மூடு" என்றார் இராஜாங்கம். "சாரி மாமா" என்று மூடிக்கொண்டான். ரசீது கொடுக்கும்போது மறுபடியும் திறந்தது.

இத்தனைக்கும் இராஜாங்கத்துக்குக் குழந்தைகள் என்றால் உயிர். வண்டியில் எப்போதும் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருக்கும். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நமத்துப் போய், கடைசியில் பால்வாடிக்கு வீடு விட்டிருக்கிற பஞ்சநதத்தின் மாட்டுக்குப் போய்ச் சேரும். அந்த மாடு ஒன்றுதான் அவரைப் பார்த்து ஓடாது.

பூவம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாகூர்ப் பக்கத்துப் பெண். பத்தாவது பாஸ். பனையக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கைக்குழந்தையோடு நிற்கிறபோதே புருஷன் போய்விட்டார். அந்த நேரத்தில் கிடைத்த வேலை இது. ஆள் குள்ளம், இராஜாங்கத்தின் சட்டைப்பை உயரம்தான் இருப்பார். நாக்கு மட்டும் ஆளைவிட இரண்டு முழம் கூட. தெருவில் யாருக்கும் பயந்தது கிடையாது.

தஞ்சாவூர் கும்பகோணம் ரோடு பனையக்குடியை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ரோட்டுக்கு வடக்கே ஊர். அங்கே இருக்கிற பால்வாடிக்குச் சொந்தக் கட்டடம், சுவரெல்லாம் ரயில் வண்டி படம், வாசலில் சறுக்குமரம், உள்ளே டிவி. டீச்சர் ஒருத்தர், ஆயா ஒருத்தர். ரோட்டுக்குத் தெற்கே கூலி வேலைக்குப் போகிறவர்கள் தெரு. அங்கே பூவம்மாள் பால்வாடி. அரசாங்கக் கணக்கில் அதற்குப் பெயர் குறு மையம். குறு என்றால் சின்னது. தெற்குத் தெருப் பிள்ளைகளுக்கு வயிறும் சின்னது என்று நினைத்துவிட்டார்களோ என்னமோ. குறு மையத்துக்கு டீச்சர் மட்டும்தான், ஆயா கிடையாது. சமைப்பது, ஊட்டுவது, கழுவிவிடுவது, பாட்டுச் சொல்வது, எடை பார்ப்பது, போனில் படம் ஏற்றுவது எல்லாம் ஒரே ஆள். அந்தப் போனுக்கும் உள்ளே டவர் கிடைக்காது. மதகுக்கட்டை மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளியூர்க்காரர்கள் யாரோ செல்ஃபி எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

சொந்தக் கட்டடம் கேட்டு வருஷா வருஷம் ஜமாபந்தியில் மனு கொடுப்பார். தாசில்தார்கள் மாறினார்கள், பூவம்மாள் மாறவில்லை. பதிலும் மாறவில்லை. கட்டடம் கட்டப் பணம் வேண்டுமென்றால் இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் பட்டா வேண்டும். தெற்குத் தெரு முழுக்கப் புறம்போக்கு. ஆகவே பணம் வடக்கே போய் இன்னொரு சறுக்குமரமாக நின்றது. "அங்க பிள்ளைங்களவிட சறுக்குமரம் அதிகமா இருக்கு சார்" என்று ஒரு தடவை தாசில்தாரிடமே சொன்னார். அவர் சிரித்துவிட்டு, பரிசீலிக்கிறேன் என்று எழுதினார்.

அதனால் வாடகை வீடு. வீட்டுக்காரர் பஞ்சநதம். வாடகை எப்போதாவது ஞாபகம் வந்தால் வரும், வந்தாலும் முழுசாக வராது. பஞ்சநதம் சண்டை போடவில்லை. "வாடகை பாதிதானே வருது, ரூமும் பாதி" என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாதியில் மாட்டுக்கு வைக்கோலை அடைத்துவிட்டார். பிள்ளைகள் வைக்கோலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அ, ஆ படித்தார்கள். தூக்கம் வந்தால் அந்தப் பக்கம்.

அந்த மாட்டுக்குப் பால்வாடிச் சத்துமாவையும் யாரோ கரைத்து ஊற்றுகிறார்கள் என்று ஒரு தடவை தெரிந்தது. பூவம்மாள் நேரே கொட்டிலுக்குப் போனார். மாட்டின் எதிரே நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "உன் பேரென்ன? அம்மா பேரு என்ன? சொல்லு, உன்னையும் சேத்துக்கறேன். எனக்குத் தலை குறையுது" என்றார். மறுநாள் மூன்று வீட்டிலிருந்து மாவு பாக்கெட் திரும்பி வந்தது.

தலை குறைகிறது என்று சொன்னது வேடிக்கைக்கு இல்லை. நாலைந்து வருஷமாக இளங்குயில் நர்சரியின் மஞ்சள் வேன் தெற்குத் தெரு மதகு வரைக்கும் வர ஆரம்பித்திருந்தது. டை, ஷூ, ஏ ஃபார் ஆப்பிள். சிங்கப்பூர்ப் பணம் வருகிற வீட்டுப் பிள்ளைகள் முதலில் ஏறின. அப்புறம் திருப்பூர்ப் பணம். அப்புறம் பணமே இல்லாத வீட்டிலும் மகளிர் குழுவில் கடன் வாங்கி ஏற்றினார்கள். "பால்வாடியில போட்டா நம்மள மாதிரிதானே போவும்" என்றார்கள். பூவம்மாளும் விடவில்லை. தன்னுடைய பழைய நீலச் சேலை ஒன்றைக் கிழித்து இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் டை தைத்துக் கட்டிவிட்டார். பிள்ளைகள் அதை மூக்குத் துடைக்க வைத்துக்கொண்டன. ஆனால் ஒன்று. முட்டை போடுகிற நாளில் மட்டும் இளங்குயில் நர்சரியில் தெற்குத் தெருப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சலோடு வந்து பால்வாடி வாசலில் தட்டோடு நிற்கும். பூவம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஆமாண்டி, கொதிக்குது" என்று ஒரு முட்டை வைப்பார்.

போன சம்பா நடவு நேரத்தில்தான் அந்தச் சேதி வந்தது. பதினைந்து பிள்ளைக்குக் கீழே இருக்கிற குறு மையங்களைப் பக்கத்து மையத்தோடு சேர்க்கப் போகிறார்கள். புதன்கிழமை பால்வாடி ஆபீசிலிருந்து மேடம் நேரில் வந்து தலை எண்ணுவார். குறைந்தால் தெற்குத் தெருப் பிள்ளைகள் வடக்கே போக வேண்டியதுதான். வடக்கே சறுக்குமரம் இருக்கிறது, டிவி இருக்கிறது. நடுவில் ரோடும் இருக்கிறது. பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கிற ரோடு. பெரியவர்களே இரண்டு தடவை முன்னால் போய், மூன்று தடவை பின்னால் வந்து கடக்கிற ரோடு. மூன்று வயசுப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் யார்? தாய்மார்கள் விடிவதற்கு முன்னாலேயே நடவுக்குப் போய்விடுவார்கள். சேர்த்தால் பிள்ளைகள் எங்கேயும் போகாது, வரப்பில்தான் கிடக்கும். அது பூவம்மாளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் இராஜாங்கத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். இராஜாங்கம் வண்டிக்கடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாளைக்கு வண்டி சும்மாதானே இருக்கு?"

"வண்டி சும்மாதான் இருக்கு. ஓட்டறவன்தான் சும்மா இல்ல."

"தலை பதினஞ்சு வேணும் தம்பி. பேருல பதினேழு இருக்கு. அதுல பாதி இந்த நடவு நாள்ல அம்மாக்காரியோட மேலவெளி வரப்புல கிடக்கு. அத்தனை பேரையும் நான் ஒருத்தி நடந்து போயி இடுப்புல தூக்கிட்டு வர முடியுமா? வண்டியில ஏத்திக்கிட்டு வந்துருங்க."

இராஜாங்கம் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் கிரீஸ். இருபது வருஷம் காத்திருந்த சமயம் வந்துவிட்டது.

"என்னையா? என்னைய கேக்கறீங்களா டீச்சரம்மா? பேங்குக்குப் போனா கிளார்க்கு வாயத் தொறக்கறான். ஒரு கல்யாண வீட்டுல சாப்பிட உக்காந்தா, எதிர்ல உக்காந்த மாப்பிள்ளைப் பையன் மூணு தரம் சோறு வாங்கித் திங்கறான், பயத்துல. என்னால இந்தத் தெருவுல ஒரு குழந்தையத் தொட்டுத் தூக்க முடியல. நான் என்ன பிள்ளை புடிக்கிறவனா?"

"கிளார்க்கு வாயத் தொறந்தானா? யாரு, சூர்யாவா? நல்ல பிள்ளை" என்றார் பூவம்மாள்.

"சிரிக்காதீங்க. எதுக்குங்க என் பேரக் கெடுத்தீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

பூவம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை.

"உள்ள அடுப்புல குழம்பு கொதிக்கும். வெளிய வாசல்லேர்ந்து இறங்குனா வாய்க்கால். நான் குழம்பப் பாக்கறதா, பிள்ளையப் பாக்கறதா? ஆயா குடுங்கன்னு எழுதிப் போட்டேன். குறு மையத்துக்கு ஆயா கிடையாதுன்னு பதில் வந்துச்சு. திரும்ப எழுதுனேன், திரும்ப வந்துச்சு. வாய்க்கால் பக்கம் போனா இராஜாங்கம் மாமா புடிச்சுக்குவாருன்னு ஒரு வார்த்தை சொன்னா, ஒண்ணும் படி தாண்டாது தம்பி. இத்தன வருஷத்துல ஒரு பிள்ளை தண்ணியில விழுந்துருக்கா? நீங்களே சொல்லுங்க. அரசாங்கம் ஆயா குடுக்கல. அதனால உங்கள வச்சுக்கிட்டேன்."

வீட்டுக்குள் பாத்திரம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. இராஜாங்கத்தின் மனைவி ராசம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்னக்கா சொன்னே? யார வச்சுக்கிட்டே?"

"உன் புருஷனத்தாண்டி. ஆயாவா வச்சுக்கிட்டேன். நீயே வச்சுக்க, எனக்கு நாளைக்கு ஒரு நாள் மட்டும் குடு."

ராசம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரு நாளு என்னக்கா, கொண்டே போயேன்" என்று உள்ளே போய்விட்டார்.

இராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையும் தண்ணியில் விழவில்லை என்பதை அவர் அதுவரைக்கும் யோசித்தது கிடையாது. யோசித்துப் பார்த்தார். விழவில்லைதான். இருந்தாலும் கோபத்தை அத்தனை சீக்கிரம் கீழே போட்டுவிட முடியுமா?

"வர்றேன். ஆனா ஒண்ணு. நாளையோட பூச்சாண்டி வேலைய நிறுத்திப்புடணும்."

"நிறுத்திடறேன்."

"சத்தியமா?"

"பருப்புச் சட்டி மேல சத்தியம்."

மறுநாள் காலை இராஜாங்கம் மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். வெள்ளைச் சட்டை. தலைக்கு எண்ணெய். மீசைக்கும் எண்ணெய், அதுதான் தப்பாகப் போனது, இன்னும் பளபளவென்று நிமிர்ந்துவிட்டது. கடையில் ஒரு பொட்டலம் தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் கண்ணாடியைத் திருப்பிவைத்துச் சிரித்துப் பழகினார். குரலைத் தணித்து, "வாங்க கண்ணுங்களா" என்று சொல்லிப் பார்த்தார். எதிரே வந்த ஆடு ஒன்று ஒதுங்கி நின்றது.

மேலவெளியில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்போரம் பூவரசு மரத்தடியில் பிள்ளைகள் சேற்றில் சோறு ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்திவிட்டு இராஜாங்கம் மரத்தை நோக்கி மெதுவாக நடந்தார். முகத்தில் பழகிய சிரிப்பு. நீட்டிய கையில் தேன்மிட்டாய்.

"வாங்க கண்ணுங்களா... மாமா மிட்டாய் வச்சிருக்கேன்."

இதைத்தான் டீச்சர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மிட்டாய் காட்டிக் கூப்பிடுவார் என்று.

முதலில் ஒரு வீல். அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரே வீல். சட்டி பானையெல்லாம் பறந்தது. பெரியது சின்னதன் கையைப் பிடித்தது, சின்னது அதைவிடச் சின்னதன் டவுசரைப் பிடித்தது, ரயில் வண்டி மாதிரி கோர்த்துக்கொண்டு வரப்பு மேல் ஓட்டம்.

"ஏய், நில்லுங்க! விழுந்துருவீங்க! நான் நல்ல மாமாடா!" என்று கத்திக்கொண்டு இராஜாங்கம் பின்னால் ஓடினார். சல்லி கொட்டுகிற குரல். கேட்கவேண்டுமா? ரயில் வேகம் பிடித்தது. வயலில் நடவு நின்றுபோய், பெண்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள். "ஐயய்யோ, அவரு வேட்டிய யாராவது புடிங்கடி" என்று ஒருத்தி கத்தினாள். உண்மையிலேயே வேட்டி அவிழ்ந்துகொண்டிருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் மிட்டாயை ஆட்டிக்கொண்டு ஓடினார். குட்டியானை மேலவெளியிலேயே நின்றது.

எங்கே ஓடுகின்றன என்று அவருக்கு முதலில் புரியவில்லை. வாய்க்கால் கரைக்கு வந்ததும்தான் புரிந்தது. வீட்டுக்கு ஓடவில்லை, அம்மாவிடம் ஓடவில்லை. நேரே பால்வாடிக்கு ஓடுகின்றன.

மதகடியில் இளங்குயில் நர்சரி வேன் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் நெடுமாறன் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனும் பூவம்மாளிடம் சோறு தின்று வளர்ந்தவன்தான். வேனுக்குள் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தெற்குத் தெருப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தன. முன்னால் தெருப் பிள்ளைகள் ஓடுகின்றன, பின்னால் வெள்ளைச் சட்டையில் பூச்சாண்டி ஓடிவருகிறார். அவ்வளவுதான். கதவு திறந்துதான் இருந்தது. ஷூவும் டையும் பையுமாகப் பொலபொலவென்று உதிர்ந்து, அதுகளும் ஓட ஆரம்பித்துவிட்டன.

"டேய் நெடுமாறா, புடிடா அதுகள!" என்று கத்தினார் இராஜாங்கம்.

நெடுமாறன் திரும்பினான். கையில் டீ கிளாஸ். வாய் திறந்துகொண்டது.

பால்வாடியில் பிரகதீஸ்வரி மேடம் அப்போதுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த பிள்ளைகளை எண்ணிவிட்டு, "என்னம்மா, இவ்வளவுதானா? நான் என்ன எழுதறது?" என்று கேட்டு வாய் மூடவில்லை, வாசல் இருண்டது. சேறும் சகதியுமாக ஒரு கூட்டம் உள்ளே வந்து விழுந்தது. பூவம்மாளின் சேலைக்குள் நாலு போயிற்று. இடம் இல்லாதவை மேடத்தின் நாற்காலிக்கடியில் போயின. மிச்சமெல்லாம் பஞ்சநதத்தின் வைக்கோலில் தலையை நுழைத்துக்கொண்டன. மேடம் எழுந்து போய், வைக்கோலில் நீட்டிக்கொண்டிருந்த கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து எண்ண ஆரம்பித்தார்.

"பதினஞ்சுக்கு மேலேயே வருதேம்மா. இது என்ன, ஷூ போட்ட கால்?"

பூவம்மாள் அந்த நிமிஷம் பேசாமல் இருந்திருக்கலாம். வாசலில் மூச்சு வாங்க நின்ற இராஜாங்கம், பேசாமல் இரு தாயே என்று கண்ணால் கெஞ்சினார். அது கண்ணை உருட்டுகிற மாதிரி இருந்ததோ என்னமோ, ஒரு குழந்தை வீறிட்டது.

"ஷூக் காலெல்லாம் எழுதாதீங்க மேடம். அதுங்க வேன் பிள்ளைங்க" என்றார் பூவம்மாள். "வெறுங்கால மட்டும் எண்ணுங்க."

வெறுங்காலை மட்டும் எண்ணினார். பதினாறு வந்தது. மேடம் ஒரு ஷூக்காரியைத் தூக்கி நிறுத்தி, "நீ ஏன் பாப்பா இங்க ஓடி வந்தே? உன் ஸ்கூல் அங்கல்ல இருக்கு?" என்று கேட்டார்.

"பூச்சாண்டி வந்தா இங்கதான் வரணும்" என்றது குழந்தை, இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

"யாரு பூச்சாண்டி?"

அத்தனை விரலும் வாசலைக் காட்டின. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் நசுங்கிய தேன்மிட்டாயோடு, மீசையில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருக்க, இராஜாங்கம் நின்றார். மேடம் திகைத்துப்போய்ப் பூவம்மாளைப் பார்த்தார்.

"இவரு யாரும்மா?"

"இவருதான் எங்க ஆயா, மேடம்."

மேடம் ரிஜிஸ்தரெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் சோறு நேரம் வந்துவிட்டது; வாசலில் பூச்சாண்டி நிற்கிறபோது வேன் பிள்ளைகள் எங்கே நகரும்? தட்டு வைத்தார்கள். ஷூக்கால், வெறுங்கால் எல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டே, ஒரு பருக்கை சிந்தாமல், முட்டையை மஞ்சள் கருவோடு விழுங்கின. இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிற மையத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார் மேடம். கிளம்பும்போது இராஜாங்கத்தின் பக்கம் வந்தவர், கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு, "எத்தன வருஷமாங்க இந்த வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"கேக்காதீங்க மேடம்" என்றார் இராஜாங்கம்.

மையத்தைச் சேர்க்கவில்லை. மேடம் மேலே என்ன எழுதினாரோ, குறு மையம் என்பதில் இருந்த குறுவை எடுத்துவிட்டு முழு மையம் ஆக்கி, ஒரு ஆயா போஸ்டும் கொடுத்து உத்தரவு வந்தது. வந்தபோது நடவு நட்டது அறுவடையாகி, அடுத்த நடவும் முடிந்து, பூவம்மாள் ஓய்வு பெறுகிற மாசம் ஆகியிருந்தது. வேன் பிள்ளைகளில் இரண்டு பேர் மட்டும் பால்வாடிக்கே திரும்பி வந்தார்கள். மிச்சப் பேருக்கு முட்டை நாளில் வருகிற காய்ச்சல் இன்னும் தீரவில்லை.

பூவம்மாள் சத்தியத்தைக் காப்பாற்றினாரா என்றால், இராஜாங்கம் பேரை அப்புறம் சொல்லவில்லைதான். "அவரு வர்றாரு" என்று மட்டும் சொல்வார். அது போதுமாக இருந்தது.

ஓய்வு பெற்றதும் பட்டுக்கோட்டையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. சாமானெல்லாம் குட்டியானையில்தான் ஏறியது. பீரோ, கட்டில், ஒரு மூட்டை பாத்திரம். தெரு முழுக்க வந்து நின்றது. பாபநாசத்திலிருந்து சூர்யபிரகாஷ் லீவு போட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். இராஜாங்கம் கிட்டே வந்ததும் அழுகையை நிறுத்தி வாயைத் திறந்தான்.

வண்டி கிளம்பியது. பூவம்மாள் முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் வயல் ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் இராஜாங்கம் ஆரம்பித்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். நாளைக்குக் காலையில மொத வேலையா சலூனுக்குப் போறேன். இந்த மீசைய எடுத்துப்புடப் போறேன். எனக்கும் ரிட்டயர்மெண்ட்டுதானே? ஆயா போஸ்டுதான் வந்துருச்சே. இனிமேலாவது ஒரு குழந்தை என்கிட்ட பிஸ்கட் வாங்கித் திங்கட்டும்."

 பூவம்மாள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு வண்டி மறுபடியும் ரோட்டில் ஏறியது. அப்போதுதான் மெதுவாகச் சொன்னார்.

"போஸ்டுதான் தம்பி வந்துருக்கு. ஆள் போடல. புது டீச்சர் சின்னப் பொண்ணு, நேத்துகூட ஒரு பய வாசப்படி தாண்டிட்டான். ஆள் வர்ற வரைக்கும் மீசைய எடுத்துறாதீங்க."